புதுச் சரக்கு நிலைபெறுமா? டேப்லட் சந்தை தரும் படிப்பினை

நமது சங்கங்களின் நிர்வாகக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. புதிய கரையோ, புதிய முந்தியோ, புதிய நிறச் சேர்க்கையோ ஒன்றைத் தறியில் ஏற்றிப் பார்க்கலாம் என்று ஓர் அங்கத்தினர் யோசனை கூறுவார். உடனே மற்றொருவர் எழுந்து, "பெயர் பெற்ற ஊர்களின் சேலைகள் கடைகளை அடைத்துக்கொண்டிருக்கும்போது நம்முடைய சரக்கைக் கேட்டு வாங்குபவர் யார்?" என்பார். விவசாயிகளான நமது அங்கத்தினர்களுக்கும் இக்கேள்வி புதிதன்று. சந்தையில் ஒரு ரகம் வேரூன்றிய பிறகு வேறொரு ரகத்தைக் கொண்டுபோய் இறக்கினால், கமிஷன் மண்டிக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. புதியது ஒன்றுமே செய்யாத சங்கம் நாளடைவில் தேய்ந்துபோகும். யோசியாமல் புதியதில் இறங்கிய சங்கம் நூல் வாங்கிய பணத்தைக்கூடத் திரும்பக் காணாது. ஆகவே, பழைய போட்டியாளர் ஆளும் சந்தையில் புதுச் சரக்கு எப்போது நிலைபெறும், எப்போது நிலைபெறாது என்பதை ஆராய்வது நம் எல்லோருக்கும் பயன் தருவதாகும்.

இதற்கு உதாரணமாக நாம் எடுத்துக்கொள்வது நமது தொழிலுக்குச் சிறிதும் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் ஒரு பொருள். பள்ளிப் பிள்ளைகளின் சிலேட்டைப் போன்று தட்டையாக, விரலால் தொட்டே இயக்கத்தக்கதாக உள்ள கணினி அது. ஆங்கிலத்தில் டேப்லட் என்பர். நம் ஊர்களிலும் அப்பெயராலேயே அறியப்படுகிறது. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் இரண்டு. 2010 முதல் 2013 வரையுள்ள மிகக் குறுகிய காலத்தில், உலகின் பெரிய கம்பெனிகள் பல இச்சந்தையில் இறங்கி, கோடிக் கணக்கான டாலர் செலவில் நமது கேள்விக்கே விடை கண்டன. அவர்கள் செலவிட்டு அறிந்ததை நாம் செலவின்றி அறியலாம். அன்றியும், கணக்கு எழுதவும், டிசைன் காட்டவும், பணம் வாங்கவும் இத்தகைய யந்திரங்களை நம் சங்கங்களே இன்று விலை கொடுத்து வாங்குகின்றன. எனவே விற்பவர் என்ற முறையிலும் வாங்குபவர் என்ற முறையிலும் இக்கதை நம்முடையதேயாகும்.

முன்னே வந்தவரின் பலம்

அமெரிக்காவைச் சேர்ந்த ஆப்பிள் கம்பெனி ஐபேட் என்ற டேப்லட்டை 2010-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆரம்ப விலை 499 டாலர். அக்காலத்து மாற்று விகிதப்படி சுமார் 22,000 ரூபாய். முதல் நாளிலேயே 3 லட்சம் யந்திரங்களும், 28 நாட்களில் 10 லட்சமும் விற்றன. அவ்வாண்டு முடிவதற்குள் சுமார் ஒன்றரைக் கோடி யந்திரங்கள் விற்றதாகக் கம்பெனியே அறிவித்தது.

இதற்கு முன் டேப்லட் என்பதே கிடையாது என்று எண்ண வேண்டாம். மைக்ரோசாப்ட் கம்பெனி 2002-ம் ஆண்டிலேயே எழுதுகோல் கொண்டு இயக்கும் டேப்லட் கணினிகளுக்கான இயக்கத் திட்டத்தை வெளியிட்டது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கனமாக இருந்தன, விலையும் அதிகம். மேஜைக் கணினிக்காக ஆன வேலைகளையே அவற்றில் செய்ய வேண்டியிருந்தது. ஆகவே அவை பெருவாரியான மக்களிடம் போய்ச் சேரவில்லை. முதலில் வருவது மட்டும் வெற்றிக்குப் போதாது என்பதற்கு இதுவே சான்று.

ஆப்பிளுக்கு வாய்த்த பலம் மூன்று வகையானது. முதலாவது, இவ்வகை யந்திரத்தில் இயங்கும் சிறு வேலைத் திட்டங்களைச் செயலி என்கிறோம். தனது கைபேசிக்கான செயலிகளை விற்கும் கடையை 2008-ம் ஆண்டிலேயே ஆப்பிள் திறந்துவிட்டது. கைபேசிச் செயலிகள் ஐபேடிலும் இயங்கின. ஐபேடுக்கென்றே தனியாகவும் ஆயிரக் கணக்கில் எழுதப்பட்டன. 2011 மார்ச்சில், தனிச் செயலிகள் மட்டும் 65,000 என்று ஆப்பிள் கூறியது. இரண்டாவது, கைபேசியில் ஏற்கெனவே பழகிய கை ஐபேடிலும் தானாகவே ஓடியது. புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுமில்லை. மூன்றாவது காரணம் நமது நெசவாளர்களுக்கு நன்கு விளங்கும். 2005-ம் ஆண்டிலேயே இக்கம்பெனி நினைவகச் சில்லுகளுக்காக ஐந்து உற்பத்தியாளர்களிடம் 125 கோடி டாலர் முன்பணம் கட்டிப் பல ஆண்டுகளுக்குச் சரக்கை உறுதி செய்துகொண்டது. நூல் விலை ஏறுவதற்கு முன்பே மொத்தமாக முன்பணம் கட்டி நூலைப் பிடித்து வைக்கும் சங்கத்துக்கும், வாரச் சந்தையில் கட்டுக் கட்டாக வாங்கும் தனி நெசவாளருக்கும் உள்ள வித்தியாசம் இதுவே. பின்னால் வந்தவர்கள் அதே விலைக்கு விற்க முயன்றபோது அவர்கள் கையில் நின்ற லாபம் மிகக் குறைவாயிருந்ததில் ஆச்சரியமில்லை.

எதிர்த்து வந்தவர்கள்

2011-ம் ஆண்டில் போட்டியாளர்கள் அணிவகுத்தனர். முதலில் வந்தது மோட்டோரோலாவின் ஜூம். பிப்ரவரியில் வெளிவந்த இதன் விலை, தொலைபேசிக் கம்பெனியின் ஒப்பந்தம் இல்லாமல் வாங்கினால் 799 டாலர். புதிதாக வந்தவர் பழையவரை விட அதிக விலை கேட்டார்! போதாக்குறைக்கு, அதிவேக இணைப்பு வேண்டுவோர் யந்திரத்தைத் திருப்பி அனுப்பி மாற்றியமைத்துப் பெற வேண்டும் என்றனர். நினைவக அட்டை செருகுவதற்கு ஓர் இடம் இருந்தது. ஆனால் விற்பனை தொடங்கியபோது அது வேலை செய்யவில்லை. முந்தி முடிக்காத சேலையைக் கடைக்கு அனுப்பிவிட்டு, முந்தி பிறகு வரும் என்று சொன்னால் வாடிக்கைக்காரர் என்ன சொல்வார்?

அடுத்து ஏப்ரலில் கனடா தேசத்து ரிசர்ச் இன் மோஷன் கம்பெனியின் பிளேபுக் வந்தது. இக்கம்பெனியின் பிளாக்பெர்ரி கைபேசிகள் அந்நாளில் அலுவலக மின்னஞ்சலுக்கே பெயர் பெற்றவை. ஆயினும் பிளேபுக்கில் மின்னஞ்சலுக்கான தனிச் செயலி இல்லை! அதே கம்பெனியின் கைபேசியை உடன் வைத்திருப்பவர் மட்டுமே அதனோடு இணைத்து அஞ்சலைப் படிக்கலாம். இக்குறை 2012 பிப்ரவரியில்தான் நீங்கியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. விற்காமல் தங்கிய சரக்கின் பொருட்டு 48.5 கோடி டாலரைக் கம்பெனி 2011 டிசம்பரில் நஷ்டக் கணக்கில் எழுத நேர்ந்தது. எதற்காகத் தம்மை உலகம் அறிந்திருந்ததோ அதையே விட்டுவிட்டு வந்ததன் பலன் இது.

நாற்பத்தொன்பது நாள் வாழ்வு

இவ்வரிசையில் நாம் நின்று கவனிக்க வேண்டியது எச்.பி. என வழங்கும் ஹ்யூலெட்-பாக்கார்ட் கம்பெனியின் டச்பேட். பணமில்லாமையோ, ஆள் இல்லாமையோ, விற்பனை அனுபவம் இல்லாமையோ இக்கம்பெனிக்குக் கிடையாது. அப்போது உலகிலேயே அதிகமாகக் கணினி விற்றவர்கள் அவர்களே. 2010-ம் ஆண்டில் பாம் என்ற பழைய கைக்கணினிக் கம்பெனியை 120 கோடி டாலர் கொடுத்து வாங்கினர். அதன் மூலம் வெப்ஓஎஸ் என்ற இயக்கத் திட்டம் அவர்கள் கைக்கு வந்தது. அது தரமான சரக்கு என்பதில் அறிந்தவர்களுக்குள் கருத்து வேற்றுமை அதிகமில்லை. ஒரே சமயத்தில் செய்யும் பல வேலைகளைச் சீட்டுக்கட்டைப் போல வரிசையாக விரித்துக் காட்டி, வேண்டாததை விரலால் மேலே தள்ளிவிடும் முறை அதில் இருந்தது. இன்று நமது கைபேசிகளில் நாம் தினமும் செய்வது ஏறக்குறைய அதுவே.

டச்பேட் 2011 ஜூலை 1-ந் தேதி கடைக்கு வந்தது. விலை 499 டாலரும் 99 சென்டும். அதாவது ஐபேடின் விலையே. திரையின் அளவும் ஐபேடின் அளவே: 9.7 அங்குலம். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் ஐபேடின் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. அதன் எடை சுமார் 600 கிராம். டச்பேடின் எடை 740 கிராம். ஐபேடின் கனம் 9 மில்லிமீட்டருக்கும் குறைவு. டச்பேட் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர். ஐபேடுக்கு இரு புறமும் காமிரா. இதற்கு முன்புறம் மட்டும். இதற்கென எழுதப்பட்ட செயலிகள் விற்பனை தொடங்கிய அன்று சுமார் 300. தவிர, முதல் சில வாரங்களில் யந்திரம் மந்தமாக ஓடியது. ஆகஸ்டு முதல் வாரம் வந்த திருத்தத்துக்குப் பிறகே சுறுசுறுப்படைந்தது.

இங்கேதான் நமது கேள்வியின் உயிர்நாடி இருக்கிறது. கடையில் நிற்கும் வாடிக்கைக்காரர் நினைப்பது எளிய விஷயம். "பழைய கடையில் கிடைப்பது போன்ற பொருள், அதே விலை, கனம் கொஞ்சம் அதிகம், வசதி கொஞ்சம் குறைவு. நான் ஏன் இதை வாங்க வேண்டும்?" என்று அவர் கேட்கிறார். அந்தக் கேள்விக்குச் சொல்ல எச்.பி.யிடம் பதில் இல்லை. சரக்கு மோசம் என்பதன்று குறை. வாங்குவதற்குத் தனிக் காரணம் இல்லை என்பதே குறை.

ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி விலையில் 100 டாலர் குறைத்தனர். பயனில்லை. 18-ந் தேதி, டச்பேடையும் வெப்ஓஎஸ் கைபேசிகளையும் நிறுத்திவிடுவதாக அறிவித்தனர். விற்பனைக்கு வந்து 49 நாட்களே ஆகியிருந்தன. ஓர் ஆண்டுக்கு மேலான உழைப்பும் 120 கோடி டாலர் மூலதனமும் ஒரு மண்டலத்துக்குச் சற்றே அதிகமான காலத்தில் முடிவுற்றன.

தள்ளுபடி விற்பனை சொன்ன உண்மை

இதற்குப் பிறகு நடந்ததே விந்தை. மீதிச் சரக்கைத் தீர்ப்பதற்காக விலையை 99 டாலராகக் குறைத்தனர். நினைவகம் அதிகமுள்ளது 149 டாலர். அறிவித்த ஓரிரு நாட்களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் கடைகள் காலியாயின. எச்.பி. கம்பெனியே மேலும் ஒரு தடவை உற்பத்தி செய்து விற்க வேண்டியதாயிற்று. நேற்று வரை யாரும் சீண்டாத பொருள், கைவிடப்பட்டது என்று பகிரங்கமாகத் தெரிந்த பின்பு, அலைந்து தேடி வாங்கும் பொருளாகிவிட்டது!

தள்ளுபடிக் காலத்தில் கடை வாசலில் கூடும் கூட்டத்தைக் கண்டு பழகிய நமக்கு இதன் பொருள் விளங்கும். மக்களுக்கு டேப்லட் வேண்டியிருந்தது. ஐபேட் மட்டுமே வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. குறைந்த விலையில் சுமாரான ஒன்று கிடைத்தாலும் வாங்கத் தயாராயிருந்தனர். ஆனால் அந்தக் கூட்டம் தொழிலைக் காப்பாற்றும் கூட்டமாகாது. அந்த யந்திரத்தின் உறுப்புகளுக்கே 300 டாலருக்கு மேல் செலவாயிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. தறிக்கூலிக்கும் கட்டாத விலைக்குச் சேலையைக் கொடுத்துவிட்டு, கூட்டம் வந்தது என்று மகிழ்வதில் அர்த்தமில்லை. தள்ளுபடியால் தேங்கிய சரக்கு நகரும். தொழில் நிலைக்க அது மட்டும் போதாது.

வாங்கியவர்கள் கதி என்னவாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். யந்திரம் கைக்கு வந்தது. ஆனால் பின்னால் நிற்பவர் இல்லை. 2015 ஜனவரியில் வெப்ஓஎஸ் கருவிகளுக்கான இணையச் சேவையை எச்.பி. மூடிவிட்டது. இதனிடையே ஒரு நல்ல காரியமும் நிகழ்ந்தது. கூலி எதுவும் எதிர்பாராத கணினி வல்லுநர் சிலர் ஒன்றுகூடி, ஆண்டிராய்டு என்ற பொது இயக்கத் திட்டம் டச்பேடில் ஓடும்படி செய்து, அதை யாவருக்கும் இலவசமாக வழங்கினர். அதனால் அந்த யந்திரங்களுக்கு மறுவாழ்வு கிட்டியது. உற்பத்தியாளர் கைவிட்ட இடத்தில் உபயோகிப்போர் ஒருவருக்கொருவர் கைகொடுத்த இச்செய்தி கூட்டுறவாளர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரத்தக்கது. வெப்ஓஎஸ் 2013-ம் ஆண்டில் எல்.ஜி. கம்பெனிக்குக் கைமாறி, இன்று அதன் தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஓடுகிறது. நல்ல சரக்கு அடியோடு அழிந்துபோகவில்லை. தனக்குரிய இடத்தைப் பிற்பாடு கண்டுகொண்டது.

வேறு வாசல் வழியே வந்தவர்

அதே 2011-ம் ஆண்டு நவம்பரில் அமேசான் கம்பெனி கிண்டில் ஃபயர் என்ற டேப்லட்டை வெளியிட்டது. விலை 199 டாலர். திரை 7 அங்குலமே. காமிரா இல்லை, ஒலிவாங்கி இல்லை. உறுப்புகளை எடுத்து வைத்துப் பார்த்தால் டச்பேடுக்குப் பல படி கீழே நிற்கும் யந்திரம். எனினும் இது விற்றது. இதன் வழிவந்த டேப்லட்டுகள் இன்றும் விற்கின்றன.

காரணம் என்ன? அமேசான் ஐபேடைப் போல ஒன்று செய்யப் புறப்படவில்லை. புத்தகம் படிக்கவும், படம் பார்க்கவும், பாட்டுக் கேட்கவும் விரும்பும் ஒருவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அதை மட்டும் செய்தது. புத்தகம் படிக்கும் கிண்டில் கருவியை 2007-ம் ஆண்டு முதலே விற்று வந்தபடியால், வாடிக்கைக்காரர்களும் தயாராயிருந்தனர்; சரக்கும் தயாராயிருந்தது. 199 டாலர் என்ற விலைக்கும், யந்திரம் செய்ய ஆகும் செலவுக்கும் அதிக வித்தியாசமில்லை. யந்திரங்களை அடக்க விலைக்கே விற்பதாக அக்கம்பெனியின் தலைவர் ஜெஃப் பெசோஸ் 2012-ம் ஆண்டில் வெளிப்படையாகவே கூறினார். யந்திரத்தில் லாபம் வேண்டாம். அதை வைத்துக்கொண்டு மக்கள் வாங்கும் புத்தகத்திலும் படத்திலும் லாபம் வரும் என்பது அவர்கள் கணக்கு.

ஆகவே விலையைக் குறைத்தால் போதும் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். அமெரிக்காவின் பெரிய புத்தக வியாபாரிகளான பார்ன்ஸ் அண்ட் நோபிள் கம்பெனியாரும் அதே மாதத்தில் நூக் டேப்லட்டை 249 டாலருக்குக் கொண்டுவந்தனர். அவர்களுக்கும் புத்தகக் கடை இருந்தது. ஆயினும் நஷ்டம் தாங்காமல், வண்ணத் திரை டேப்லட்டுகளைத் தாமே உற்பத்தி செய்வதை விட்டுவிடுவதாக 2013 ஜூனில் அறிவித்தனர். அடக்க விலைக்கு விற்பவர், வேறு வழியில் வரும் லாபம் உறுதியானதா என்றும், அது வரும் வரை தாக்குப் பிடிக்கக் கையில் பலம் உண்டா என்றும் முன்கூட்டியே கணக்குப் பார்க்க வேண்டும். பக்கத்தில் வேறு கடையில்லாத நெசவாளர் அடக்க விலைக்கு விற்றால், அடுத்த பாவுக்கு நூல் வாங்கக் கடன்தான் வாங்க வேண்டும்.

நமது நாட்டின் முயற்சி

விலைக் குறைவையே குறிக்கோளாகக் கொண்ட முயற்சி ஒன்று நமது நாட்டிலும் நடந்தது. 2011 அக்டோபர் 5-ந் தேதி புதுதில்லியில் ஆகாஷ் என்ற டேப்லட்டை மத்திய சர்க்கார் வெளியிட்டது. டேட்டாவிண்ட் கம்பெனி தயாரித்த இதன் விலை சர்க்காருக்குச் சுமார் 50 டாலர். மாணவர்களுக்கு மானியத்துடன் அதிலும் குறைவு. நோக்கம் மிக உயர்ந்தது. ஏழைப் பிள்ளையின் கையில் கணினி என்பதை யார்தான் மறுப்பர்? ஆனால் முதற்பதிப்பின் திரை, விரல் பட்டால் போதாது, அழுத்தினால்தான் வேலை செய்யும் பழைய வகை. வேகம் குறைவு, மின்கலமும் நீடிக்கவில்லை என்ற குறைகள் எழுந்தன. தரம் பற்றித் திட்டத்தை நடத்திய கல்வி நிலையத்துக்கும் கம்பெனிக்கும் தகராறு மூண்டு, பொறுப்பு பம்பாய் ஐ.ஐ.டி.க்கு மாறியது. 2012 நவம்பரில் திருத்திய இரண்டாம் பதிப்பு வந்தது. எனினும் எண்ணிய அளவுக்குத் திட்டம் பரவவில்லை. மலிவு வாடிக்கைக்காரரை ஒரு தடவை அழைத்து வரும். மறு தடவை அவரை அழைத்து வருவது தரமேயாகும்.

தோற்றும் திருந்தியவர்

இனி, தோல்வியிலிருந்து மீண்டவர் ஒருவரைப் பார்ப்போம். மைக்ரோசாப்ட் 2012 அக்டோபரில் சர்பேஸ் ஆர்.டி. என்ற டேப்லட்டை 499 டாலருக்கு வெளியிட்டது. அதுவும் ஐபேடின் விலையே. விளைவும் ஏறக்குறைய அதுவே. 2013 ஜூலையில், தேங்கிய சரக்கின் பொருட்டு 90 கோடி டாலர் நஷ்டம் எழுதினர். எச்.பி. போலக் கடையைக் கட்டிவிட அவர்களுக்கும் காரணமிருந்தது. ஆனால் அவர்கள் அதைச் செய்யவில்லை. எங்கே பிசகினோம் என்று யோசித்தனர். படுத்துக்கொண்டு படம் பார்ப்பவருக்கு ஐபேட் இருக்கிறது. அலுவலக வேலை முழுவதையும் செய்ய வேண்டியவர் டேப்லட்டையும் மடிக்கணினியையும் சேர்த்துச் சுமக்கிறார். அவருக்கு இரண்டும் ஒன்றாக இருக்கும் யந்திரம் வேண்டும் என்று கண்டனர். 2014-ல் வந்த சர்பேஸ் புரோ மூன்றாம் பதிப்பை, மடிக்கணினிக்கு மாற்று என்றே சொல்லி விற்றனர். அவ்வாண்டின் கடைசி மூன்று மாதங்களில் மட்டும் சர்பேஸ் விற்பனை 110 கோடி டாலரை எட்டியது.

ஐபேட் இன்றும் முதலிடத்தில்தான் இருக்கிறது. அடுத்த இடத்தில் நிற்பது தென் கொரியாவின் சாம்சங். இவர்கள் 2010 முதல் ஆண்டுதோறும் சிறிதும் பெரிதுமாகப் பல விலைகளில் டேப்லட்டுகளை விடாமல் கொண்டுவந்தவர்கள். அன்றியும், திரையையும் நினைவகச் சில்லையும் தாமே உற்பத்தி செய்யும் தொழிற்சாலைகளையும் உடையவர்கள். நூற்பாலையைக் கையில் வைத்திருக்கும் நெசவாளர் சங்கத்தின் நிலை போன்றது அது.

நாம் கொள்ள வேண்டியவை

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது, புதுச் சரக்கு நிலைபெறுமா என்ற கேள்விக்கு விடை தெளிவாகிறது. பழையவரைப் போன்ற பொருளைப் பழையவர் விலைக்கே கொண்டுவருபவர் நிலைபெறுவதில்லை. பழையவர் கவனியாமல் விட்ட தேவை ஒன்றைக் கண்டு, அதற்கேற்ற பொருளைச் செய்து, அதைச் சூழ்ந்து வேண்டிய மற்றவற்றையும் ஏற்பாடு செய்து, சில ஆண்டுகள் பொறுத்திருக்கும் சக்தியும் உடையவரே நிலைபெறுகிறார். இந்த நான்கில் முதலாவது அறிவைப் பொறுத்தது. மற்றவை பலத்தைப் பொறுத்தவை. தனி மனிதருக்கு அந்தப் பலம் அரிது. கூட்டாக நூல் வாங்கி, கூட்டாகச் சாயமிட்டு, கூட்டாக விற்கும் சங்கத்துக்கு அது எட்டாததன்று.

ஆகவே, அடுத்த முறை புதிய டிசைன் ஒன்று நிர்வாகக் கூட்டத்துக்கு வரும்போது, அழகாயிருக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்த வேண்டாம். இது யாருக்கு? அவர் இன்று எதை உடுத்துகிறார்? அதில் அவருக்குள்ள குறை என்ன? நமது சேலை அக்குறையைத் தீர்க்கிறதா? முதல் இரண்டு பருவங்கள் விற்பனை மந்தமானால் தறிகளுக்குக் கூலி கொடுக்க நிதி உண்டா? இக்கேள்விகளுக்கு விடை இருந்தால் துணிந்து இறங்கலாம். விடை இல்லையேல் முதலில் ஐந்தாறு தறிகளில் மட்டும் ஏற்றிப் பார்ப்பது விவேகம். பாதி முடிந்த சரக்கை மட்டும் எக்காரணம் கொண்டும் கடைக்கு அனுப்பலாகாது.

வாங்குபவர் என்ற முறையிலும் ஒரு வார்த்தை. சங்கத்துக்கு டேப்லட் வாங்க முற்படும் செயலாளர்கள், பெயரையும் விலையையும் மட்டும் பார்த்து ஆர்டர் கொடுத்துவிட வேண்டாம். நமக்கு வேண்டிய கணக்கு வேலைக்கான செயலி அதில் ஓடுகிறதா, தமிழில் எழுத வசதியாயிருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தங்கள் அனுப்புவதாகக் கம்பெனி எழுத்து மூலம் ஒப்புக்கொள்கிறது என்று கேட்க வேண்டும். திரை உடைந்தால் நமது மாவட்டத்திலேயே பழுது பார்ப்பவர் உண்டா என விசாரிக்க வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, கம்பெனி நாளைக்கே அந்தச் சரக்கைக் கைவிட்டாலும், நமது கணக்குகளை வேறொரு யந்திரத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். 99 டாலருக்கு டச்பேட் வாங்கியவருக்குப் போனது 99 டாலர்தான். அங்கத்தினர்களின் சிக்கனக் கணக்கு அதனுள் சிக்கிக்கொண்டால் போவது சங்கத்தின் நாணயம்.

பெரிய கம்பெனிகள் வீழ்ந்ததைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. தமது வாடிக்கைக்காரரைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் அவர்கள் வீழ்ந்தனர். நமது சேலையை உடுத்துபவரும், நமது விளைச்சலை உண்பவரும் நமக்கு அண்மையிலேயே இருக்கின்றனர். கடைக்கு வருபவரிடம் இரண்டு வார்த்தை பேசி, என்ன வேண்டும், எது குறை என்று கேட்டறிவதற்கு மூலதனம் எதுவும் தேவையில்லை. வரும் பொங்கல் விற்பனைக்குள் ஒவ்வொரு சங்கமும் தனது விற்பனை நிலையத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, வாங்காமல் திரும்பிப் போனவர் என்ன கேட்டார் என்பதை அன்றன்றே எழுதி வருமானால், அடுத்த புதுச் சரக்கு எது என்பதை அந்த நோட்டே கூறிவிடும்.